நிலவுப் பயணமும் 'பேர்' விழாதோரும்: சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து ஒரு நோக்கு

மனிதன் சந்திரனை அடைந்த வரலாறு பெரும்பாலும் வீரர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சோவியத் நூல்களில் அது ககாரினில் தொடங்கும். அமெரிக்க நூல்களில் ஆம்ஸ்ரோங்கில் முடியும். இடையே இரு வல்லரசுகளும் சில தலைவர்களும் சில பொறியியலாளரும் வந்து போவர். மன்னர் வரலாற்றையே நாட்டு வரலாறெனக் கொண்ட பழைய நெறியை மறுத்தெழுந்தது நமது ஆய்வுலகம். எனினும் விண்வெளியைப் பொறுத்தவரையில் நாமும் அப்பழைய நெறியிலேயே நின்றுவிட்டோம். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் இராசராசன் என்று எவரேனும் எழுதினால், கல் சுமந்தவன் எங்கே என்று உடனே கேட்கின்றோம். சந்திரனுக்குச் சென்றவர் ஆம்ஸ்ரோங் என்னும்போது அவ்வாறு கேட்கத் தோன்றுவதில்லை.

அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1957 ஒக்ரோபர் 4 இல் ஸ்புட்னிக் ஏவப்பட்டமை முதல் 1969 ஜூலையில் அப்பலோ 11 சந்திரனில் இறங்கியமை வரையான காலம் இங்கு சிறப்பாகக் கவனிக்கப்படுகின்றது. நாம் நின்று நோக்கும் இடம் சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்டப்புறம். கேகாலை மாவட்டத்து யட்டியாந்தோட்டை, தெரணியகலை, ருவான்வெல்லைப் பகுதிகளின் இறப்பர் மலைகளும், இரத்தினபுரி மாவட்டத்து பலாங்கொடை, இறக்குவானை, பெல்மதுளைப் பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களும் ஆகும். சந்திரனுக்கும் இறப்பர் மலைக்கும் யாது தொடர்பு என வாசகர் வினவலாம். அத்தொடர்பை விளக்குவதற்குத் தோட்ட மக்களின் வழக்கிலுள்ள ஒரு சொல்லிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும்.

1. 'பேர்' என்னும் சொல்

தோட்டத் தமிழில் 'பேர்' என்பது ஒருவருடைய பெயரை மாத்திரம் குறிப்பதன்று. ஒரு நாள் உழைப்பையும் அதற்குரிய கூலியையும் குறிக்கும். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, குறித்த வேலையைக் குறித்த அளவில் முடித்தவருக்குச் செக்ரோலில் ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் அரைப்பேர். மழையினால் வேலை நின்றால் பேரே இல்லை. உழைப்புச் சக்தி ஒரு பண்டமாக மாறும் முறையை மார்க்ஸ் பல அத்தியாயங்களில் விளக்கினார். உழைப்பவனின் பெயரே அவன் விற்ற நாளின் அளவையாக மாறிவிட்ட நிலையைத் தோட்டத் தமிழ் ஈரெழுத்துச் சொல்லொன்றில் அடக்கிவிட்டது.

இச்சொல்லில் ஒரு கோரிக்கையும் பொதிந்துள்ளது. உழைத்தவருக்குப் பேர் விழவேண்டும் என்பது இதன் உட்பொருள். அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையோடு எழுந்த வாதங்கள் தோட்டத் தொழிற்சங்க வரலாற்றின் அன்றாட நிகழ்ச்சிகள். எனவே நிலவுப் பயணத்தையும் இவ்வளவுகோலைக் கொண்டு அளந்து பார்ப்போம். அதில் யார் உழைத்தனர்? யாருக்கு முழுப்பேர் விழுந்தது? யாருக்கு அரைப்பேர்? யாருக்குப் பேரே விழவில்லை?

2. ஒரு திங்கட்கிழமைக் காலை

அப்பலோ 11 இன் இறங்குகலம் சந்திரனைத் தொட்டபோது இலங்கையில் 1969 ஜூலை 21, அதிகாலை 1 மணி 47 நிமிடம். ஆம்ஸ்ரோங் ஏணியிலிருந்து காலை எடுத்து மண்ணில் வைத்தபோது இங்கு காலை 8 மணி 26 நிமிடம். அன்று திங்கட்கிழமை.

அவ்விரு கணங்களுக்கும் இடையிலேதான் இறப்பர்த் தோட்டத்தின் ஒரு நாள் பிறக்கின்றது. வெயில் ஏற ஏறப் பட்டையினுள் பாலின் அழுத்தம் குறைந்துவிடும். ஆகவே வெட்டு விடியற்காலையிலேயே நிகழவேண்டும். வெட்டுபவர் வழக்கமாக இருநூறு முதல் முந்நூறு மரங்கள் வரை ஏறி இறங்குவார். பட்டையைச் சாய்வாக மெல்லியதாய்ச் சீவவேண்டும். ஆழம் கூடினால் மரம் காயப்படும். குறைந்தால் பால் வராது. பின்னர் சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டு செல்லவேண்டும். அங்கு பால் அமிலமிட்டு உறையவைக்கப்பட்டு, உருளைகளில் தகடாக்கப்பட்டு, புகையறையில் உலர்த்தப்படும். அந்த ஜூலைக் காலையில் மழையில்லாத மலைகளில், ஆம்ஸ்ரோங் கால் வைத்த வேளை, வெட்டு முடிந்தும் முடியாமலும் இருந்த வேளையாகும். தொலைக்காட்சி இலங்கைக்கு வந்தது 1979 இலேயே. ஆகவே உலகில் ஏறத்தாழ 60 கோடி மக்கள் கண்டதாகக் கணிக்கப்படும் அக்காட்சி இந்நாட்டில் எவருடைய வீட்டிலும் தெரியவில்லை. வானொலியும் மறுநாட் பத்திரிகையுமே செய்தியைக் கொணர்ந்தன.

அக்காலத்தில் இலங்கையரின் வாரமே சந்திரனைக் கொண்டு கணிக்கப்பட்டது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறையாக இருந்தன. ஓய்வு நாளைச் சந்திரன் தீர்மானித்த நாட்டில், சந்திரனில் மனிதன் நடந்த நாள் தொழிலாளிக்குப் பிறிதொரு வேலைநாளாகவே கழிந்தது.

இதனினும் முக்கியமானது பிறிதொன்று. இறங்குகலத்தின் காலிற் பொருத்தப்பட்ட உலோகத் தகடு, மனித குலம் முழுவதன் சார்பிலும் சமாதானத்துடன் வந்ததாகக் கூறியது. அக்கூற்று எழுதப்பட்ட காலத்தில், சப்பிரகமுவத் தோட்டங்களிலும் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களிலும் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தொழிலாளருட் பெரும்பாலோர் எந்த நாட்டின் குடிமக்களும் அல்லர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை வெளியே நிறுத்தியது. 1949 இல் தேர்தற் சட்டத்துக்குக் கொணரப்பட்ட திருத்தம் வாக்குரிமையைப் பறித்தது. 1964 ஒக்ரோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றாயிற்று. 1974 இல் அவ்வெஞ்சிய தொகையும் இரு நாடுகளுக்கும் சமபாதியாகப் பங்கிடப்பட்டது. இவ்வெண்ணிக்கைகளிலும் 'பேர்' என்ற சொல்லே வருகின்றது. ஆயின் அங்கு எவருடைய பெயரும் இல்லை.

3. இறப்பரின் பயணம்

விண்வெளிப் போட்டி பனிப்போரின் ஒரு முகமாகும். அப்பனிப்போர் சப்பிரகமுவ மலைகளுக்குப் புதியதன்று. 1942 இல் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானிடம் வீழ்ந்தபோது, நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் முதன்மை மூலமாக இலங்கை விளங்கியது. மரம் பட்டுப்போவதையும் பொருட்படுத்தாது பால் வடிக்கும் மிகைவெட்டு அக்காலத்தில் இங்கு நடைமுறைப்படுத்தப்பட்டது. அதே நெருக்கடியிலேதான் ஐக்கிய அமெரிக்கா செயற்கை இறப்பர் உற்பத்தியை அரசாங்கத் திட்டமாகப் பேரளவில் வளர்த்தது. போர் முடிந்ததும் செயற்கை இறப்பர் இயற்கை இறப்பருக்குப் போட்டியாயிற்று. கொரியப் போர்க்கால விலையேற்றம் தணிந்ததும் இலங்கை இறப்பர் பெரும் வீழ்ச்சியை எதிர்நோக்கியது.

1952 டிசம்பரில் இலங்கை சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி பெறுவது அதன் சாரம். டட்லி சேனநாயக்காவின் வலதுசாரி அரசாங்கமே இதனைச் செய்தது என்பது கவனிக்கத்தக்கது. அரிசியின் தேவை கொள்கையை வென்றது. இதனால் அமெரிக்க உதவி பெறும் தகுதியை இலங்கை இழந்தது. இவ்வாறு, சாஸ்திரமறியாத ஒரு வெட்டுக்காரியின் வாளியிலிருந்த பால் இரு முகாம்களின் மோதலுக்குரிய பொருளாயிற்று.

இவ்விறப்பருக்கும் நிலவுப் பயணத்துக்கும் நேரான பிணைப்பொன்றும் உண்டு. சந்திரனில் காற்றில்லை. உடையினுள் காற்றழுத்தம் நிலைக்கவேண்டும். ஆனால் அழுத்தம் நிறைந்த உடை ஊதிய பந்துபோல் விறைத்துப்போகும். முழங்காலும் முழங்கையும் தோளும் மடங்குவதற்குத் துருத்தி போன்ற மடிப்பு மூட்டுகள் தேவைப்பட்டன. செயற்கை இறப்பரும் இயற்கை இறப்பரும் கொண்டு அம்மூட்டுகள் வார்க்கப்பட்டன. அவ்வுடையைச் செய்த நிறுவனம் பெண்களின் உள்ளாடைகளால் அறியப்பட்ட ஒரு கொம்பனியிலிருந்து வளர்ந்தது. அக்கொம்பனியின் பெயரிலேயே 'லேற்றெக்ஸ்' என்னும் இறப்பர்ப் பாலின் பெயர் இருந்தது.

அவ்வியற்கை இறப்பர் எந்த நாட்டின் எந்த மலையில் வடிந்தது என்பதை எவரும் குறித்து வைக்கவில்லை. குறித்து வைக்காமையே சந்தையின் இயல்பு. மலாயாவின் பாலும் கேகாலையின் பாலும் தகடாகிக் கப்பலேறியதும், தரமும் விலையுமே எஞ்சும். வெட்டிய கை மறையும். பண்டத்தின் மாயத்தோற்றம் என்று மார்க்ஸ் கூறியது இதனையே. எனவே ஆம்ஸ்ரோங்கின் முழங்காலில் இருந்தது நமது பால் என்று பெருமை கொள்வது நமது நோக்கமன்று. உலக இறப்பர் வெட்டுநர் அனைவருக்கும் அப்பயணத்தில் ஒரு பேர் உரியது. அது விழவில்லை என்பதே நமது கூற்று.

4. இரு றொக்கற்றுகளின் அடித்தளம்

பேர் விழாமையின் மிகக் கொடிய வடிவத்தை றொக்கற்றின் தோற்றத்திலேயே காண்கின்றோம். அமெரிக்காவின் சற்றேண் 5, வேணர் வொன் பிரவுண் தலைமையில் உருவானது. அவரது முன்னைய படைப்பு நாசி ஜேர்மனியின் வி-2 ஏவுகணை. 1943 முதல் அது ஹார்ஸ் மலைப்பகுதியின் சுரங்கங்களுள், மிற்றெல்பௌ-டோரா வதைமுகாமின் கைதிகளைக் கொண்டு உற்பத்தி செய்யப்பட்டது. அம்முகாம் தொகுதியினூடாகச் சென்ற ஏறத்தாழ 60,000 கைதிகளில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். பிரெஞ்சுக்காரர், போலந்துக்காரர், சோவியத் மக்கள் எனப் பல நாட்டார் அவர்களுள் அடங்குவர். அச்சுரங்கத் தொழிற்சாலையின் உற்பத்திக்குப் பொறுப்பாயிருந்த ஆர்தர் றூடோல்ஃப் பின்னர் சற்றேண் 5 திட்டத்தின் முகாமையாளரானார். அவருடைய கடந்தகாலம் விசாரணைக்குள்ளானபோது, 1984 இல் அவர் அமெரிக்காவைவிட்டு வெளியேறினார். சந்திரனுக்குப் பயணம் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரே இக்கணக்கு புரட்டப்பட்டது.

மறுபுறத்தை நோக்குவதிலும் நாம் நேர்மையுடையோராய் இருத்தல் வேண்டும். சோவியத் விண்வெளித் திட்டத்தின் தலைமை வடிவமைப்பாளர் செர்கெய் கொரலியோவ் 1938 ஜூனில் பொய்க் குற்றச்சாட்டின் பேரில் கைதானார். கொலிமா தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கு பற்களையும் உடல்நலத்தையும் இழந்தார். பின்னர் கைதிப் பொறியியலாளருக்கான பணியகமொன்றில் வேலை செய்து, 1944 இலேயே விடுதலையானார். ஸ்புட்னிக்கையும் ககாரினையும் விண்ணுக்கு அனுப்பிய அம்மனிதரின் பெயர் அவர் வாழ்ந்த காலத்தில் வெளியிடப்படவில்லை. 1966 ஜனவரி 14 இல் அவர் மறைந்த பின்னரே உலகம் அப்பெயரை அறிந்தது. தொழிலாளர் அரசெனத் தன்னைக் கூறிக்கொண்ட அரசு தன் தலைசிறந்த உழைப்பாளிக்கே பேர் போடத் தயங்கியது. இதனை மறைத்து எழுதும் மார்க்சியம் மார்க்சியமாகாது.

இறந்தோர் பட்டியலும் இவ்வாறே அமைந்தது. 1967 ஜனவரி 27 இல் அப்பலோ 1 தீயில் கிறிசம், வைற், சாஃபி ஆகிய மூவரும், அவ்வாண்டு ஏப்ரல் 24 இல் சோயுஸ் 1 இல் கொமறோவும் மாண்டனர். 1971 இல் அப்பலோ 15 குழுவினர் இரு நாட்டாரையும் சேர்த்து 14 பெயர் பொறித்த தகடொன்றைச் சந்திரனில் வைத்தனர். போட்டியாளர் இருவருக்கும் பொதுவான நினைவுச் சின்னம் என்ற வகையில் அது போற்றத்தக்கதே. எனினும் 1961 இல் பயிற்சியின்போது தீயில் மாண்ட வலன்ரீன் பொன்டறென்கோவின் பெயர் அதில் இல்லை. அவரது மரணத்தைச் சோவியத் அரசு இரகசியமாகவே வைத்திருந்தது. 1967 டிசம்பரில் விமான விபத்தில் மாண்ட, விண்வெளிப் பயணத்துக்குத் தெரிவான முதற் கறுப்பின அமெரிக்கரான றொபேட் லோறன்சின் பெயரும் அதில் இல்லை.

5. விரல்களும் கணக்குகளும்

அப்பலோ திட்டத்தில் ஏறத்தாழ 4,00,000 பேர் பணியாற்றினர் என்பது அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் கணக்கு. அவர்களுட் பெண்களின் நிலை நமது ஆய்வுக்குச் சிறப்பாக உரியது.

விண்வெளி உடைகளைத் தைத்தவர்கள் டெலவெயர் மாநிலத்து டோவர் நகரின் தையற் பெண்கள். பல அடுக்குகளை ஒன்றின் மேலொன்றாய் இணைக்கையில், தையலிற் சிறு பிசகும் உயிருக்கு ஆபத்தாகலாம். தவறுதலாய் உள்ளே தங்கும் ஒரு குண்டூசி உடையைத் துளைத்துவிடும். ஆகவே குண்டூசிப் பாவனை கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அப்பலோ கணனியின் நிலையான நினைவகத்தை மசசூசெற்ஸ் மாநிலத்து வோல்தம் நகரத் தொழிற்சாலையிற் பெண்கள் கைகளால் பின்னினர். கம்பி ஒரு சிறு காந்த வளையத்தினூடாகச் சென்றால் ஒன்று. வெளியே சென்றால் சுழி. சந்திரனில் இறங்குவதற்குரிய கட்டளைகள் முழுவதும் இவ்வாறு நெய்யப்பட்டன. பொறியியலாளர் அதனைக் 'கிழவிகளின் நினைவகம்' என்று கேலியாக அழைத்தனர்.

இக்கேலி நமக்குப் பழக்கமானதே. கொழுந்து பறிப்பது பெண்களுக்கு இயல்பாக வாய்த்த விரல்நயம் என்று தோட்டத் துரைமார் கூறிவந்தனர். கற்றுத் தேர்ந்த திறமையை இயற்கையின் கொடை என்று பெயரிட்டுவிட்டால், அதற்குத் திறமைக்குரிய கூலி கொடுக்கவேண்டியதில்லை. இலங்கைத் தோட்டங்களில் ஆண் கூலிக்கும் பெண் கூலிக்கும் இடையில் நெடுங்காலம் நிலவிய வேறுபாடு இக்கருத்தியலின் மேலேயே நின்றது.

லாங்லி ஆய்வுகூடத்தில் கறுப்பினப் பெண் கணிதவியலாளர் தனிப்பிரிவாக ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தனர். அவர்களின் பதவிப் பெயரே 'கணிப்பான்' என்பது. பின்னர் இயந்திரத்துக்குச் சென்ற பெயர் முன்னர் மனிதருடையதாக இருந்தது. அப்பிரிவிலிருந்து வந்த கதரின் ஜோன்சன் 1962 இல் ஜோன் கிளெனின் பயணப் பாதையைக் கையாற் கணித்துச் சரிபார்த்தார். பயணியான கிளெனே அவ்வாறு சரிபார்க்கும்படி கேட்டிருந்தார். ஆயினும் பொதுமக்கள் அவர் பெயரைப் பரவலாக அறிந்தது 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே. அரைப்பேர் முழுப்பேராக அரைநூற்றாண்டு சென்றது.

அப்பலோ 11 ஏவப்படுவதற்கு முன்னாள், 1969 ஜூலை 15 இல், றால்ஃப் அபர்நதி ஏழை மக்களைத் திரட்டிக்கொண்டு கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளுடன் ஏவுதளத்துக்குச் சென்றார். பயணத்தை அவர் பழிக்கவில்லை. அவ்வளவு பணமும் திறமையும் ஒன்றுதிரள முடியுமாயின், பசியை ஒழிக்க ஏன் திரளவில்லை என்பதே அவர் வினா. கழுதை வண்டியும் சற்றேண் றொக்கற்றும் எதிரெதிரே நின்ற அக்காட்சி, உற்பத்திச் சக்திகளுக்கும் உற்பத்தி உறவுகளுக்கும் இடையிலான முரண்பாட்டைக் கண்முன் நிறுத்திற்று.

6. வார்ப்பாலையும் நெசவாலையும்

இவ்வளவும் கூறியதனால் விண்வெளிப் பயணம் வெறும் ஏமாற்று என்று நாம் கொள்வதாக எண்ணுதல் தவறு. யூரி ககாரின் கூட்டுப்பண்ணைத் தச்சரொருவரின் மகன். ஜேர்மன் படைகள் வீட்டைப் பறித்துக்கொண்டபோது அவரது குடும்பம் மண் குடிலொன்றில் வாழ்ந்தது; தமையனும் தமக்கையும் கட்டாய உழைப்புக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பின்னர் அவர் வார்ப்பாலைத் தொழில் பயின்றார். 1963 ஜூன் 16 இல் விண்ணேறிய முதற் பெண்ணான வலன்ரீனா தெரெஸ்கோவா நெசவாலைத் தொழிலாளி. தந்தையைப் போரில் இழந்தவர்.

1961 டிசம்பரில் ககாரின் இலங்கைக்கு வந்தார். தொழிலாளியின் மகன் பூமியைச் சுற்றி வந்தான் என்ற செய்தி, பத்தடி லயக் காம்பராவிற் பிறந்த பிள்ளைக்கும் ஒரு வாசலைக் காட்டியது. அதனை வெறும் பிரசாரமென ஒதுக்குதல் வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும்.

ஆயின் அவ்வாசலைத் திறக்கவேண்டிய இந்நாட்டு இடதுசாரிகளின் நிலையையும் கூறவேண்டும். களனிப் பள்ளத்தாக்கு இடதுசாரி இயக்கத்தின் பழைய கோட்டை. சிங்களக் கிராமத்தவரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே இறப்பர் மலையில் உழைத்த பிரதேசம் அது. 1936 இல் என்.எம். பெரேரா ருவான்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1960 களில் யட்டியாந்தோட்டையைப் பிரதிநிதித்துவப்படுத்தினார். 1948 இல் அவருடைய கட்சி குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்தது. ஆனால் 1964 இல் சாஸ்திரியுடன் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அதே கட்சி அரசாங்கத்தில் பங்காளியாக இருந்தது. யட்டியாந்தோட்டையின் தமிழ்த் தொழிலாளருட் பெரும்பாலோர் தம் தொகுதியின் தலைவருக்கு எதிராகவோ ஆதரவாகவோ வாக்களிக்க இயலாதவராய் இருந்தனர். விண்ணிற் பறந்த தொழிலாளியைக் கொண்டாடிய இயக்கம், மண்ணில் வாக்கிழந்த தொழிலாளியை எண்ணிக்கையாக்கிய ஒப்பந்தத்தோடு இணங்கியது. இதனை நமது தன்விமர்சனமாகவே கூறுகின்றோம்.

7. காலியிலிருந்து சந்திர மண் வரை

நிலவுப் பயணத்தில் முழுப்பேர் பெற்ற இலங்கையரும் உளர். அவர்களுட் சிறில் பொன்னம்பெரும முதன்மையானவர். 1923 இல் காலியிற் பிறந்த அவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பயின்றார்; பின்னர் இலண்டன் பேர்க்பெக் கல்லூரியில் இரசாயனம் பயின்றார். தொழிலாளருக்கான கல்விக்கூடமாகத் தொடங்கிய அக்கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசான் மார்க்சிய விஞ்ஞானி ஜே.டி. பேர்னல். உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தோன்றிய முறையை இயற்கை விதிகளைக் கொண்டே விளக்கலாம் என்னும் ஒப்பாரின், ஹோல்டேன், பேர்னல் மரபு இவ்வாறு பொன்னம்பெருமவை வந்தடைந்தது. 1962 இல் கலிபோர்னியாவிற் கலாநிதிப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் ஏம்ஸ் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அப்பலோ கொணர்ந்த சந்திர மண்ணில் உயிரின் சுவடுண்டா என்று ஆராய்ந்தோருள் அவரும் ஒருவர். சந்திரனில் உயிரில்லை என்பதே விடை. எனினும் 1970 இல் அவரது குழுவினர், அவுஸ்திரேலியாவில் வீழ்ந்த மர்ச்சிசன் விண்கல்லில், பூமிக்கு அப்பாற் பிறந்த அமினோ அமிலங்களை இனங்கண்டனர்.

அவருடைய அறிவாற்றல் ஐயத்துக்கிடமற்றது. ஆயினும் அவ்வாற்றல் மலர்வதற்குக் கொழும்பின் சிறந்த பாடசாலையும் சென்னையும் இலண்டனும் தேவைப்பட்டன. அதே தலைமுறையில் சப்பிரகமுவத் தோட்டப் பிள்ளைக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலை. தோட்டப் பாடசாலைகள் பெருமளவில் அரசின் பொறுப்பில் வந்தது 1970 களிலேயே. பொன்னம்பெருமவுக்கு நிகரான எத்தனை மூளைகள் பிரட்டுக்களத்தில் நின்றன என்பதை எந்தச் செக்ரோலும் கூறாது.

8. முடிவுரை

பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்தில், தாய் சந்திரனைக் குழந்தையோடு விளையாட அழைப்பாள். சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களாலும் அவ்வழைப்பு அமையும். இருபதாம் நூற்றாண்டு தண்டத்தில் தொடங்கியது. ஏவுகணையே சந்திரனுக்கு வழியாயிற்று. அழைத்த தாயும் அழைக்கப்பட்ட குழந்தையும் கதையிலிருந்து மறைந்தனர்.

சப்பிரகமுவத் தோட்டத் தமிழரின் பிற்கால வரலாறு துயரமானது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு மக்களைச் சுமந்து சென்ற புகைவண்டியை அவர்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களையும் தாக்கின. பலர் வன்னிக்குப் பெயர்ந்தனர். நாடற்றோர் நிலைக்குச் சட்டரீதியான முடிவு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தாலேயே வந்தது. ஆம்ஸ்ரோங் மனித குலத்தின் சார்பில் நடந்து முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே, இம்மக்கள் அனைவரும் ஒரு நாட்டின் மக்களாயினர்.

2023 ஓகஸ்ட் 23 இல் இந்தியாவின் சந்திரயான் 3 சந்திரனில் இறங்கியது. இறங்குகலத்தைப் பரிசோதிப்பதற்குச் சந்திர மண்ணை ஒத்த மண் தேவைப்பட்டபோது, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியின் பாறை பயன்பட்டது. பழைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த அப்பகுதி, நமது தோட்டங்களுக்குக் கூலிகள் புறப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாகும். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்து இரயில்வே ஊழியரொருவரின் மகன். கல்வியின் வாசல் திறந்தால் தொழிலாளியின் பிள்ளை எங்கு செல்லும் என்பதற்கு இது சான்று. பாறையை வெட்டி, நொறுக்கி, ஏற்றியவருக்குப் பேர் விழுந்ததா என்ற வினா மட்டும் அப்படியே நிற்கின்றது.

அப்பலோ 11 சந்திரனில் விட்டுவந்த தகட்டில் நான்கு பெயர்கள் உள்ளன: விண்வெளி வீரர் மூவருடையவை, நான்காவது அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸனுடையது. உழைத்தோர் 4,00,000 பேர்; அக்கணக்கில் வராத டோராவின் கைதிகளும் இறப்பர் வெட்டுநரும் வேறு. அந்த மாபெரும் செக்ரோலை நிரப்புவது வரலாற்றாசிரியரின் கடமை. நமது பங்கு நமது மலையிலேயே தொடங்குகின்றது. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் எஞ்சியுள்ள பழைய செக்ரோல்களைத் தேடிப் படியெடுப்பதும், முதியோரின் வாய்மொழியைப் பெயருடன் பதிவு செய்வதும் நமது பல்கலைக்கழக மாணவர் உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணிகளாகும். 1969 ஜூலை 21 ஆம் திகதிப் பக்கத்தில் யாருக்குப் பேர் விழுந்தது, யாருக்கு அரைப்பேர் என்பதை நாம் அறியவேண்டும். அதுவும் நிலவுப் பயணத்தின் வரலாறே.